வேறு எங்கே போய்விடுவார்கள்?

2024 ஜூலையில் பிரிட்டனில் தொழிற்கட்சி 411 இடங்களைப் பிடித்தது. பதினான்கு ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த கட்சிக்கு அது பெரிய வெற்றி, மறுக்கவே முடியாது. ஆனால் இடங்களை விட்டுவிட்டு வாக்குகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த முறை கட்சிக்கு விழுந்தவை சுமார் 97 லட்சம். 2019ல் படுதோல்வி அடைந்தபோது அதே கட்சி வாங்கியது 1 கோடியே 2 லட்சத்துக்கும் மேல். 2017ல் தோற்றபோது 1 கோடியே 28 லட்சம். அதாவது இரண்டு முறை தோற்றபோது கிடைத்ததைவிடக் குறைவான வாக்குகளில்தான் மூன்றாவது முறை ஆட்சியைப் பிடித்தார்கள். எதிரே இருந்த கட்சி உடைந்து சிதறியதாலும், ஒரு தொகுதியில் யார் முந்துகிறாரோ அவருக்கே இடம் என்ற தேர்தல் முறையாலும் அது சாத்தியமானது.

அந்தக் காணாமல் போன வாக்குகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பிரிட்டனில் மட்டும் காணாமல் போகவில்லை. ஜெர்மனி, பிரான்ஸ், கிரேக்கம், நெதர்லாந்து என்று ஐரோப்பாவின் பாதி நாடுகளில் ஒரு காலத்தில் ஆட்சி செய்த மைய-இடது கட்சிகள் இன்று பழைய பலத்தில் பாதியோ காலோதான் மிச்சம் வைத்திருக்கின்றன. "கட்சி துரோகம் செய்துவிட்டது" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது சுலபம். ஏமாந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பெரும்பகுதி நியாயமானது என்றும் நினைக்கிறேன். ஆனால் துரோகம் என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. ஒவ்வொரு படியிலும் எடுத்த முடிவு அந்த நேரத்தில் புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. அதனால்தான் இத்தனை நாடுகளில் இத்தனை பேர் ஒரே வழியில் போனார்கள்.

முதலில், இந்தக் கட்சிகள் என்னவாகப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியின் வேர் 1863க்குப் போகிறது. பிரிட்டனின் தொழிற்கட்சியை 1900ல் தொழிற்சங்கங்களே உட்கார்ந்து உருவாக்கின, நாடாளுமன்றத்துக்குத் தங்கள் ஆட்களை அனுப்ப வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்துக் கட்சி என்பது தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகும் அமைப்பு அல்ல. ஜெர்மனியில் கட்சியைச் சுற்றிப் படிப்பகம் இருந்தது, பாட்டுக் குழு இருந்தது, உடற்பயிற்சிக் கழகம் இருந்தது, கூட்டுறவுக் கடை இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. ஒரு தொழிலாளி வேலை போனால் சங்கத்துக்கு ஓடுவார், வழக்கு வந்தால் கட்சி அலுவலகத்தில் ஆலோசனை கேட்பார். ஓட்டுப் போடுவது அந்த உறவின் ஒரு சிறு பகுதிதான்.

ஏமாற்றமும் புதிதல்ல. போருக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் பேசிவந்த ஜெர்மன் சமூக ஜனநாயகவாதிகள் 1914 ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். கட்சிக்குள் போரை எதிர்த்து நின்ற ரோசா லக்சம்பர்க் போன்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடதுசாரி வாக்காளரின் மனக்கசப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. அரசியல் அறிஞர் ஆடம் ஷெவோர்ஸ்கி இதை நன்றாக விளக்கியிருக்கிறார். ஆலைத் தொழிலாளர்கள் நாளடைவில் மக்கள்தொகையில் பெரும்பான்மை ஆவார்கள், அப்போது வாக்குப்பெட்டி வழியாகவே அதிகாரம் வந்துவிடும் என்று பழைய சோஷலிஸ்டுகள் நம்பினார்கள். அப்படி ஆகவே இல்லை. ஏறக்குறைய எந்த நாட்டிலும் உடலுழைப்பு ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் வாக்காளர்களில் பாதிக்கு மேல் வரவில்லை. ஆகவே ஜெயிக்க வேண்டுமென்றால் ஆசிரியரையும் குமாஸ்தாவையும் சிறு வியாபாரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் "தொழிலாளர் கட்சி" என்ற அடையாளத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்ய வேண்டும். நீர்க்கச் செய்தால் தொழிலாளிக்கு "இது என் கட்சி" என்ற உணர்வு தேயும். இந்த முடிச்சை எந்தத் தலைவரும் அவிழ்க்கவில்லை; அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்கள்.

1959ல் பாட் கோடஸ்பெர்க் நகரில் கூடிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி மார்க்சியத்தை அதிகாரபூர்வமாக விட்டுவிட்டது. முடிந்த அளவு போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்பது புதிய கொள்கை. வர்க்கக் கட்சி மக்கள் கட்சியாக மாறியது. அது வேலையும் செய்தது, பத்தாண்டில் அந்தக் கட்சியின் வில்லி பிராண்ட் சான்சலர், அதாவது அரசின் தலைவர், ஆனார். ஸ்வீடனில் சமூக ஜனநாயகக் கட்சி 1932 முதல் 1988 வரை எல்லாத் தேர்தலிலும் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டே இருந்தது. பிரிட்டனில் 1948ல் தேசிய சுகாதாரச் சேவை வந்தது. போருக்குப் பிந்தைய அந்த முப்பது ஆண்டுகளில் பொருளாதாரம் வளர்ந்துகொண்டே போனதால், முதலாளியின் பங்கில் பெரிதாகக் கைவைக்காமலேயே தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் ஓய்வூதியமும் தர முடிந்தது. கணக்குச் சிக்கல் இருந்தது, ஆனால் வளர்ச்சி அதை மூடி வைத்தது.

எழுபதுகளில் அந்த மூடி கழன்றது. எண்ணெய் விலை ஏறியது, விலைவாசியும் வேலையின்மையும் ஒன்றாக ஏறின. அப்புறம் வந்த ஒரு நிகழ்வை மைய-இடது தலைவர்கள் எல்லோரும் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். 1981ல் பிரான்சில் சோஷலிஸ்ட் கட்சியின் மித்தரான் அதிபரானார். வங்கிகளையும் பெரிய தொழில்களையும் நாட்டுடைமையாக்கினார், குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினார், வேலை நேரத்தை வாரம் 39 மணியாக்கினார், ஐந்தாவது வாரச் சம்பள விடுப்பைத் தந்தார், ஓய்வு வயதை 60 ஆக்கினார். மற்ற நாடுகள் எல்லாம் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் விரித்தார். இறக்குமதி பெருகியது, பணம் வெளியே ஓடியது, பிராங்கின் மதிப்பை மூன்று முறை குறைக்க வேண்டி வந்தது. 1983 மார்ச்சில் திரும்பிவிட்டார்: சிக்கனம், ஐரோப்பிய நாணய ஏற்பாட்டுக்குள்ளேயே இருத்தல். ஒரு நாடு தனியாக இதைச் செய்ய முடியாது என்ற முடிவுக்கு அன்றைக்கு வந்தவர்கள் பிறகு அதிலிருந்து வெளியே வரவே இல்லை. சரி, தனியாக முடியாதென்றால் சேர்ந்து செய்யலாமே என்று கேட்டிருக்கலாம். கேட்டவர்கள் சிலரே.

நியூசிலாந்தில் 1984க்குப் பிறகு தொழிற்கட்சி அரசே, நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் தலைமையில், மானியங்களை நீக்கி அரசு நிறுவனங்களை விற்றது. வலதுசாரிகள் செய்ய அஞ்சியதை அவர்கள் செய்தார்கள்.

தொண்ணூறுகளில் இது ஒரு முழுக் கொள்கையாகவே உருவானது. மூன்றாவது பாதை என்று பெயர். அமெரிக்காவில் கிளின்டன், பிரிட்டனில் பிளேர், ஜெர்மனியில் ஷ்ரோடர். சந்தையைத் தடுக்க வேண்டாம், அது வளர்க்கும் செல்வத்தின் ஒரு பகுதியை வரியாக எடுத்துப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போடுவோம் என்பது சாரம். தொழிற்கட்சியின் சட்டவிதியில் 1918 முதல் பொது உடைமையைப் பேசிவந்த நான்காம் பிரிவை 1995ல் மாற்றினார்கள். 1997ல் 418 இடங்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த அரசு சும்மா இருக்கவில்லை. 1999ல் பிரிட்டனுக்கு முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி கிடைத்தது, குழந்தைகளின் வறுமை குறைந்தது, சுகாதாரச் சேவைக்குப் பணம் கொட்டப்பட்டது. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பிளேர் காலத்தைப் பேசுவது சரியல்ல.

ஆனால் அந்த வெற்றிக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருந்தது. தேர்தலை முடிவு செய்பவர் நடுவில் நிற்கும் வாக்காளர். அவர் இந்தப் பக்கமும் வருவார் அந்தப் பக்கமும் போவார். ஆகவே பேச்சு, கொள்கை, வரி, எல்லாம் அவரைப் பார்த்தே இருக்க வேண்டும். நமக்கே எப்போதும் ஓட்டுப் போடுகிற சுரங்கத் தொழிலாளியும் செவிலியும் பல்கலைக்கழக மாணவரும்? அவர்கள் வேறு எங்கே போய்விடுவார்கள்?

என் பார்வையில் இந்தக் கட்சிகளின் முப்பதாண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்குகிறது. மோசமான விஷயம் என்னவென்றால், முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. நம்பிக்கையான வாக்காளர் கோபப்பட்டவுடன் எதிர்க்கட்சிக்கு ஓடுவதில்லை. முதலில் பிரசாரத்துக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க மறக்கிறார். பிறகு ஒரு தேர்தலில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இவை எதுவும் வெற்றி இரவின் தலைப்புச் செய்தியில் வராது. 2001ல் பிளேர் மறுபடி பெரிய வெற்றி பெற்றார். அன்று பிரிட்டனில் வாக்களித்தவர்கள் 59.4 சதவீதம்தான். தொழிற்கட்சியின் கோட்டையான லிவர்பூல் ரிவர்சைட் தொகுதியில் 34 சதவீதம். கோட்டைக்குள் ஆளே இல்லை, ஆனால் கொடி பறந்துகொண்டிருந்தது. கட்சி கொடியைத்தான் பார்த்தது.

ஜெர்மனியின் கதை இன்னும் துல்லியமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1998ல் சமூக ஜனநாயகக் கட்சி 40.9 சதவீதம் வாங்கி ஷ்ரோடர் சான்சலர் ஆனார். 2003 மார்ச்சில் அஜெண்டா 2010 என்ற சீர்திருத்தத்தை அறிவித்தார். அதன் மையப்பகுதி, மக்கள் ஹார்ட்ஸ் நான்கு என்று அழைத்தது, 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒருவர் வேலை இழந்தால் முதலில் காப்பீட்டுத் தொகை, அது முடிந்த பிறகும் அவருடைய பழைய சம்பளத்தை ஒட்டிய உதவி தொடர்ந்து கிடைத்தது. புதிய விதியில் பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் காப்பீடு, வயது முதிர்ந்தவர்களுக்கு இன்னும் சில மாதம். அதன்பின் எல்லோருக்கும் ஒரே அடிப்படை உதவி, மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ, வாடகை தனி. அதுவும் சேமிப்பு எவ்வளவு, கூட வாழ்பவரின் வருமானம் எவ்வளவு என்று சோதித்த பிறகு.

முப்பது ஆண்டு ஒரே ஆலையில் வேலை செய்து, ஒவ்வொரு மாதமும் காப்பீட்டுக்குக் கட்டிய ஐம்பது வயதுக்காரரை எண்ணிப் பாருங்கள். ஆலை மூடியது. ஒரு வருடத்தில் அவர் வாழ்நாளில் ஒருநாளும் வேலை செய்யாதவர் நிற்கும் வரிசையில் வந்து நிற்கிறார், சேமிப்புக் கணக்கின் விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. பணம் குறைந்தது ஒரு வலி. உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்த கட்சியே "உன் முப்பது ஆண்டுக்குக் கணக்கில் இடமில்லை" என்று சொன்னது வேறு வலி. இந்த இரண்டாவது வலியைப் பொருளாதார வல்லுநர்கள் யாரும் அட்டவணையில் போடவில்லை. வேலையின்மை அதன்பின் உண்மையாகவே குறைந்தது. எந்த அளவு இந்தச் சீர்திருத்தத்தால் குறைந்தது என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் கட்சியின் வாக்கு 2005ல் 34.2, 2009ல் 23.0 என்று விழுந்தது. கட்சியின் முன்னாள் தலைவரான ஆஸ்கர் லாஃபோன்டெய்னே வெளியேறி, 2007ல் டி லிங்கே என்ற இடதுசாரிக் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். "வேறு எங்கே போவார்கள்" என்ற கேள்விக்கு ஒரு முகவரி கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, 2021ல் ஓலாஃப் ஷோல்ஸ் ஜெயித்தது "மரியாதை" என்ற சொல்லை முன்னால் வைத்துத்தான். கட்சிக்குள் யாரோ அந்த இரண்டாவது வலியைப் புரிந்துகொண்டிருந்தார்கள். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ ஆனது, 2023ல் ஹார்ட்ஸ் நான்கின் பெயரும் விதிகளில் சிலவும் மாறின. ஆனால் கிடைத்த 25.7 சதவீதத்தில் மூன்று கட்சிக் கூட்டணியாக ஆள வேண்டி வந்தது, அந்தக் கூட்டணி பணம் எங்கிருந்து என்ற சண்டையிலேயே உடைந்தது, 2025ல் 16.4 சதவீதம். கடைசிவரை ஒரு சொல்லுக்கு மேல் போக முடியவில்லை.

பிரான்சில் வேகம் இன்னும் பயங்கரம். 2012ல் சோஷலிஸ்ட் கட்சியின் ஒல்லாந்த் நிதி உலகமே தன் எதிரி என்று மேடையில் முழங்கி அதிபரானார். 2016ல் அவருடைய அரசு வேலைநீக்கத்தை எளிதாக்கும் தொழிலாளர் சட்டத்தை, சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால், வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேற்றியது. 2017ல் சோஷலிஸ்ட் வேட்பாளருக்குக் கிடைத்தது 6.36 சதவீதம். பாரிஸின் சோல்பெரினோ தெருவில் இருந்த கட்சித் தலைமையகத்தை விற்றார்கள். 2022ல் 1.75 சதவீதம். கிரேக்கத்தில் பாசோக் என்ற மைய-இடது கட்சி 2009ல் ஏறக்குறைய 44 சதவீதம், கடன் நெருக்கடியில் சிக்கன நடவடிக்கைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு 2015 ஜனவரியில் 4.7. நெதர்லாந்தின் தொழிற்கட்சி வலதுசாரிகளுடன் சேர்ந்து செலவை வெட்டியது, 2012ல் 38 இடம், 2017ல் 9.

இந்த எண்களைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தொழிலாளர்கள் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிகளுக்குப் போய்விட்டார்கள், அவர்களைத் திரும்பக் கொண்டுவர நாமும் எல்லையைப் பற்றிக் கடுமையாகப் பேச வேண்டும். கொஞ்சம் உண்மை இதில் இருக்கிறது. தொழிலாளர் பகுதிகளில் தீவிர வலது வளர்ந்திருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் காட்டியதும் இதையொட்டிய ஒன்றுதான்: ஐம்பதுகளில் படிப்பு குறைந்தவர்கள் இடதுக்கும் படித்தவர்கள் வலதுக்கும் வாக்களித்தார்கள், மெல்ல மெல்ல அது தலைகீழானது, இன்று பல மேற்கு நாடுகளில் இடது என்பது படித்தவர்களின் கட்சி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும் மாறிவிட்டது. பிரிட்டனில் 1979ல் தொழிற்சங்க உறுப்பினர்கள் 1 கோடியே 30 லட்சம் பேர், இன்று அதில் பாதிதான். சங்கத்தில் வளர்ந்து நாடாளுமன்றத்துக்கு வந்தவர்களுக்குப் பதில், படிப்பு முடிந்ததும் அமைச்சரின் உதவியாளராகி அங்கிருந்து வேட்பாளரானவர்கள் வந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஹார்ட்ஸ் நான்கு போன்ற திட்டம் மேசைக்கு வரும்போது "ஐயா, இது எங்கள் தெருவில் எப்படிக் கேட்கும் தெரியுமா" என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

ஆனால் போனவர்கள் எல்லாம் தீவிர வலதுக்குத்தான் போனார்கள் என்பது தவறு. டாரிக் அபூ சாதி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேற்கு ஐரோப்பிய வாக்காளர்களின் நகர்வைப் பார்த்தபோது, சமூக ஜனநாயகக் கட்சிகளை விட்டுப் போனவர்களில் பெரும்பாலானோர் பசுமைக் கட்சிகளுக்கும் இடதுசாரிக் கட்சிகளுக்கும் மிதவாத வலதுக்கும்தான் போயிருந்தார்கள். தீவிர வலதுக்கு நேராகப் போனவர்கள் சிறு பகுதியே. முன்வாசல் வழியாக ஆட்கள் வெளியேறிக்கொண்டிருக்க, கட்சி பின்வாசலில் நின்று காத்திருந்தது.

டென்மார்க்கை எல்லோரும் உதாரணமாகக் காட்டுவார்கள். அங்கே சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் மெட்டே பிரெடரிக்சன் நல அரசு வேண்டும், அதைக் காக்கக் குடியேற்றம் குறைய வேண்டும் என்றார். 2019ல் தீவிர வலதான டென்மார்க் மக்கள் கட்சி 21.1லிருந்து 8.7 சதவீதத்துக்கு விழுந்தது, இவர் பிரதமரானார். ஆனால் இவருடைய கட்சியின் பங்கு முந்தைய தேர்தலில் 26.3, அந்தத் தேர்தலில் 25.9. உயரவில்லை. வலதிலிருந்து சிலர் வந்தார்கள், இடதில் சிலர் பக்கத்துக் கட்சிகளுக்குப் போனார்கள், அங்குள்ள விகிதாசார முறையில் அந்தப் பக்கத்துக் கட்சிகள் இவரைப் பிரதமராக்கின. 2022க்குப் பிறகு அவர் வலதுசாரிகளோடு கூட்டணி ஆட்சி அமைத்தார். 2025 நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், நூறாண்டுக்கும் மேலாகக் கையில் இருந்த கோபன்ஹேகன் கட்சியின் கையை விட்டுப் போனது. வலதுக்குப் போகவில்லை. இன்னும் இடதில் இருப்பவர்களுக்குப் போனது.

சரி, ஏமாற்றமடைந்த முற்போக்கு வாக்காளர் என்று ஒரே மாதிரி ஆள் இருக்கிறாரா? இல்லை. வாடகையும் கூலியும் பற்றிய ஏமாற்றம் ஒன்று. மனசாட்சி சார்ந்தது இன்னொன்று: 2003 மார்ச்சில் ஈராக் போருக்கு எதிராக 139 தொழிற்கட்சி உறுப்பினர்கள் சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள், அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார், போர் நடந்தது. அந்தக் காயம் ஆறவே இல்லை, காசா போர் அதை மறுபடி கீறிவிட்டது. 2024ல் தொழிற்கட்சி அலை அடித்த அதே நாளில் லெஸ்டர் தெற்கில் அதன் முன்னணித் தலைவர் ஒருவர் காசாவை முன்வைத்த சுயேச்சையிடம் தோற்றார், பிரிஸ்டல் மத்தியில் இன்னொரு முன்னணித் தலைவர் பசுமைக் கட்சியிடம் தோற்றார். அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் மிச்சிகன் முதல்நிலைத் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் "யாருக்கும் உறுதியில்லை" என்ற பெட்டியில் குறியிட்டார்கள். மூன்றாவது வகை ஏமாற்றம் அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் ஆழமாகப் படுகிறது: சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்பது. கியர் ஸ்டார்மர் 2020ல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது பத்து உறுதிமொழி தந்தார், பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பது, குடிநீரையும் மின்சாரத்தையும் பொது உடைமைக்குக் கொண்டுவருவது உட்பட. தலைவரான பின் அவற்றில் பல காற்றோடு போயின. ஆட்சிக்கு வந்த முதல் மாதத்திலேயே, மூன்றாவது குழந்தை முதல் உதவித்தொகையை மறுக்கும் விதியை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு உறுப்பினர்களைக் கட்சிக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். பெரும்பாலான முதியோருக்கான குளிர்கால எரிபொருள் தொகையை நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்குள் எரிபொருள் தொகையைப் பெரும்பாலும் திருப்பித் தந்தார்கள், 2025 நவம்பரில் குழந்தை விதியையும் நீக்குவதாக அறிவித்தார்கள். இரண்டுமே நல்ல முடிவுகள். ஆனால் இவ்வளவு காலம் கழித்து, அடி வாங்கிய பிறகு வந்தால் அதை யார் தங்கள் வெற்றி என்று கொண்டாடுவார்கள்? கொடுத்தவருக்கும் நன்றி கிடைக்கவில்லை, வாங்கியவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

வெளியேறியவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் சொர்க்கம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் சிரிசா என்ற இடதுசாரிக் கட்சி 2015 ஜனவரியில் 36 சதவீதத்தோடு வந்தது. ஜூலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு "வேண்டாம்" என்றார்கள். சில நாட்களில் அதே அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. பாசோக் முதல்முறை உடைத்ததைச் சிரிசா இரண்டாம் முறை உடைத்தது, 2023ல் அது 18 சதவீதத்துக்கும் கீழே. 1983ல் மித்தரான் மோதிய அதே சுவர்தான், பெயர் மட்டும் வேறு.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் வேறு வழியைக் காட்டின. ஸ்பெயினில் பொடெமோஸ் என்ற புதிய இடது எழுந்து சோஷலிஸ்டுகளின் வாக்குகளைத் தின்றபோது, பெட்ரோ சான்செஸ் கடைசியில் அவர்களோடு கூட்டணி அமைத்தார். 2018ல் 736 யூரோவாக இருந்த மாதக் குறைந்தபட்சக் கூலி 2025ல் 1184. தற்காலிக ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்திய தொழிலாளர் சட்டம் வந்தது. 2015ல் 22 சதவீதத்துக்கு இறங்கிய கட்சி 2023ல் 31.7 வாங்கியது. போர்ச்சுகலில் அந்தோனியு கோஸ்தா 2015ல் கம்யூனிஸ்டுகளின், இடது அணியின் ஆதரவோடு ஆட்சி அமைத்து, வெட்டப்பட்ட சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் மீட்டுத் தந்தார், பற்றாக்குறையும் குறைந்தது. 2022ல் தனிப் பெரும்பான்மை. ஆனால் வீட்டு வாடகை எகிறியது, ஊழல் விசாரணையில் அலுவலகம் சிக்கி அவர் விலகினார், 2025ல் கட்சி 23 சதவீதத்துக்கு இறங்கி இடங்களில் தீவிர வலதான ஷேகாவுக்கும் பின்னால் போனது. ஆகவே மந்திரம் எதுவும் இல்லை. இடது பக்கம் நகர்ந்தால் போதும் என்று சொல்பவர்களுக்குப் போர்ச்சுகல் ஒரு எச்சரிக்கை.

தேர்தல் முறையும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது, ஏனோ அதை யாரும் முதலில் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவில் வாக்காளர் வேட்பாளர்களுக்கு வரிசை எண் போடுகிறார். பசுமைக் கட்சிக்கு ஒன்று, தொழிற்கட்சிக்கு இரண்டு என்று போட்டால் முதலாமவர் போட்டியிலிருந்து நீங்கியதும் அந்த வாக்கு இரண்டாமவருக்குப் போய்ச் சேரும். 2022ல் தொழிற்கட்சிக்குக் கிடைத்த முதல் விருப்ப வாக்கு 32.6 சதவீதம்தான், பல பத்தாண்டுகளில் மிகக் குறைவு, ஆனாலும் ஆட்சி அமைத்தது. அங்கே ஒருவர் கோபத்தையும் சொல்லலாம், வலதையும் தடுக்கலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும், ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் "அவன் வந்துவிடுவான், எங்களுக்கே போடு" என்ற மிரட்டல் போன்ற வேண்டுகோள் வருகிறது. அந்த வேண்டுகோள் நியாயமானதாகக்கூட இருக்கலாம். இருபது வருடம் அதையே கேட்டவர் ஒரு நாள் காதை மூடிக்கொள்வார்.

கடைசியாக, 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் நடந்த ஒன்று. டி லிங்கே செத்துப்போன கட்சி என்று எல்லோரும் எழுதிவிட்டிருந்தார்கள். அதன் பிரபலத் தலைவர்களில் ஒருவரான சாரா வாகன்கினெக்ட் உடைத்துக்கொண்டு போய்த் தனிக் கட்சி தொடங்கியிருந்தார். மிச்சம் இருந்தவர்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. கதவு கதவாகத் தட்டி உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் வாடகை என்றார்கள், வெப்பமூட்டும் கட்டணம் என்றார்கள். உடனே வாடகை சட்ட வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு செயலி, வெப்பக் கட்டணம் சரிதானா என்று சோதித்துத் தர ஒரு உதவி ஏற்பாடு. அந்தக் காலத்தில் கட்சி அலுவலகத்தில் வழக்குக்கு ஆலோசனை கேட்கப் போன தொழிலாளிக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட இதுதான். தேர்தலில் அவர்கள் 8.8 சதவீதம் வாங்கினார்கள், 18 முதல் 24 வயதுக்காரர்களிடையே முதலிடம். வாகன்கினெக்டின் கட்சி ஐந்து சதவீத வரம்பை நூலிழையில் தவறவிட்டது. 8.8 சதவீதத்தை வைத்துக்கொண்டு நாட்டை ஆள முடியாது, வாடகைச் சட்டத்தைக்கூட மாற்ற முடியாது. அதற்கு இன்னமும் அந்த 16.4 சதவீதக் கட்சி தேவை, அந்தக் கட்சியோ தேர்தல் முடிந்ததும் வலதுசாரிகளின் இளைய கூட்டாளியாக அரசில் போய் அமர்ந்துவிட்டது.